வன்னியின் இரவு வீதிகளுக்காக மோட்டார் சைக்கிளில் மேலதிக விளக்குப் பூட்டுதல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ35 வீதியில், விசுவமடுவைத் தாண்டி இரவு எட்டு மணிக்குமேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தேவையை விளக்கவேண்டியதில்லை. கடைகளின் வெளிச்சம் முடிந்த இடத்தில் இருள் தொடங்கிவிடும். பகல் முழுவதும் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் கட்டாக்காலி மாடுகள் வீதியின் நடுவிலேயே படுத்துக்கொள்ளும். அறுவடைக் காலமானால், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி ஒன்று நெல் மூடைகளுடன் நமக்கு முன்னால் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகச் செல்லும் ஏ34 வீதியிலும், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளிலும் இவற்றுடன் யானைப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒருவர் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறார். கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் பிடிக்கும் என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீற்றர் போய்விடும். அதன்பின் உலர்ந்த நல்ல தாரில்கூட வண்டி முற்றாக நிற்க இன்னும் ஏறத்தாழ 25 மீற்றர் வேண்டும். ஆகவே, படுத்திருக்கும் கறுத்த மாடு 50 மீற்றருக்கு அப்பாலேயே கண்ணில் படவேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் வரும் 35 வற்று ஹலோஜன் குமிழின் தாழ்ந்த ஒளியில், மழை பெய்து கறுத்துக் கிடக்கும் தாரில், அவ்வளவு தூரத்தில் அந்த மாடு தெரிவதில்லை என்பதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். அதனாலேயே மேலதிக விளக்குப் பூட்டுவதை ஆடம்பரமாக நான் கருதுவதில்லை.

ஆனால் விளக்கை வாங்கிப் பூட்டுவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. அந்த விளக்குக்கு மின்னைக் கொண்டுசெல்லும் வயரும், அந்த வயரைக் காக்கும் பியூசும், வண்டி உண்டாக்கும் மின்னின் அளவுமே வேலை நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. என் மைத்துனர் ஒருவருடைய வண்டியில், ஹெட்லைற் வயரை வெட்டி, அதிலேயே இரண்டு விளக்குகளை முறுக்கிச் சேர்த்து, பியூஸ் எதுவும் இல்லாமல் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சென்று திரும்பும் வழியில், ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் அந்த வயர் உரசி உரசி மேலுறை தேய்ந்து சட்டகத்தைத் தொட்டுவிட்டது. பெற்றோல் தாங்கியின் அடியிலிருந்து புகை வந்தபோது அவர் இருக்கையைக் கழற்றிப் பற்றரி வயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார். உள்ளங்கை வெந்ததோடு அது முடிந்தது. பின்னால் அவருடைய பிள்ளை இருந்ததை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. ஒரு பியூஸ் இருந்திருந்தால் அது உருகி விளக்கு அணைந்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் அளக்கவேண்டியவை

விளக்கு வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் வாங்கவேண்டும். எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும் மிக எளிய வகையே போதும். அதன் திருகியை நேர் மின்னோட்ட வோல்ற்றளவுக்குத் திருப்பிவைத்து, முள்முனைகளால் பற்றரியின் இரு முனைகளிலும் மூன்று அளவீடுகளை எடுக்கவேண்டும்.

முதல் அளவீடு, இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில், காலையில், சாவியைத் திருப்புவதற்கு முன். நிறைவாக ஏற்றப்பட்ட 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி 12.6 முதல் 12.8 வோல்ற் வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதியே இருக்கிறது. 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் விளக்கைப்பற்றி யோசிக்குமுன் பற்றரியைப்பற்றி யோசிக்கவேண்டும். இரண்டாவது அளவீடு, வண்டி மெதுவாக நின்ற நிலையில் ஓடும்போது. மூன்றாவதே முக்கியமானது: ஹெட்லைற்றைப் போட்டு, பின் பிரேக்கை மிதித்து, பயணத்தின்போது கொடுக்கும் அளவுக்கு அக்சிலரேற்றரை முறுக்கி அளப்பது. அப்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால், வண்டி தன் தேவைக்குமேல் இன்னும் கொஞ்சம் மின்னைக் கொடுக்கக்கூடியதாக இருக்கிறது. 13க்கும் கீழே நின்றால், இருக்கும் விளக்குகளுக்கே அது திணறுகிறது. அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரி இறங்கும். 15 வோல்ற்றுக்குமேல் ஏறினால், வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது. அதை மாற்றாமல் எதையும் பூட்டினால் புதிய விளக்கும் எரிந்துபோகும், பற்றரியும் கொதித்துக் கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீற்றரில் அம்பியர் அளக்கும் துளையில் வயரைச் செருகிவைத்தபடி பற்றரியின் இரு முனைகளையும் ஒருபோதும் தொடக்கூடாது. அது பற்றரியைக் குறுக்கே இணைப்பதற்குச் சமம். மீற்றரின் பியூஸ் போகும், சில வேளைகளில் மீற்றரே போகும்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் மக்னெற் கொயிலிலிருந்து நேரடியாக வரும் மாறல் மின்னோட்டத்தில் எரிகிறது. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டபோது ஹெட்லைற் எரியாமல், ஓடும்போது மட்டும் எரிந்து, அக்சிலரேற்றரை முறுக்க முறுக்க வெளிச்சம் கூடினால், உங்களுடையது அந்த வகை. (எஞ்சின் ஓடினால்தான் எரியும்படி அமைத்த புதிய வண்டிகளும் உள்ளன, ஆகவே வெளிச்சம் கூடிக் குறைவதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.) இந்த வகை வண்டியில் ஹெட்லைற் வயரிலிருந்து எல்ஈடி விளக்குக்கு மின் எடுத்தால் அது துடித்துத் துடித்து எரியும், விரைவில் பழுதாகும். பற்றரியிலிருந்தே எடுக்கவேண்டும், ஆனால் இத்தகைய வண்டிகளில் பற்றரியை ஏற்றுவதற்கு ஒதுக்கிய மின் மிகக் குறைவு என்பதால், இரண்டு விளக்குகளும் சேர்ந்து 20 வற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

கணக்கு எளிதானது. வற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 20 வற்று விளக்கு இரண்டு என்றால் 40 வற்று. அதை 12ஆல் வகுத்தால் 3.3 அம்பியர். 55 வற்று ஹலோஜன் விளக்கு இரண்டு என்றால் 9 அம்பியருக்கு மேல். பழைய ஹலோஜன் பொக் லைற்றுகளைக் கார்களிலிருந்து கழற்றிச் சிறிய வண்டிகளில் பூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். 100 சிசி வண்டி எதனாலும் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

விளக்கைத் தெரிவு செய்தல்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வற்றையும் லூமனையும் (வெளிச்சத்தின் அளவையும்) நம்பவேண்டாம். தீப்பெட்டி அளவுள்ள விளக்கின்மேல் 100 வற்று என்று எழுதியிருக்கும். கடைக்காரரின் பற்றரியில் மீற்றரைத் தொடராக இணைத்து அளந்தால் ஓர் அம்பியரைச் சற்றே தாண்டும், அதாவது 15 வற்று. கடைக்காரர் அளக்க விடமாட்டார் என்றால், விளக்கின் எடையையும் பின்புறத்தையும் பார்த்து ஓரளவு மதிப்பிடலாம். எல்ஈடி சூட்டினால்தான் சாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றப் பின்புறத்தில் அலுமினியத் தகடுகள் வரிவரியாக, கனமாக இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் உடலும் மெல்லிய எடையும் உள்ள விளக்கு நம்முடைய வெக்கையில் ஒரு கோடையைத் தாண்டாது.

தூசியும் நீரும் புகாத தரத்தை ஐபி எண் குறிக்கிறது. ஐபி 67 என்பதில் 6 என்ற முதல் எண் தூசி அறவே புகாது என்பதையும், 7 என்ற இரண்டாம் எண் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் புகாது என்பதையும் சொல்கின்றன. கோடையில் கிரவல் வீதியின் செம்புழுதியும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மாரி மழையும், வாய்க்காலில் இறக்கி வண்டி கழுவும் நம்முடைய வழக்கமும் சேர்ந்த இடத்தில் இதற்குக் குறைந்த தரம் வேண்டாம்.

ஒளியின் வடிவம் வெளிச்சத்தின் அளவைவிட முக்கியமானது. தொலைவுக்குக் குவிந்து செல்லும் ஒளி ஏ9 போன்ற நேரான வீதிக்கு உதவும். அகலமாகவும் தாழ்வாகவும் பரவி, மேற்பகுதி கத்தியால் வெட்டியதுபோல் முடியும் ஒளி, வளைவுகளும் குழிகளும் ஒழுங்கைகளும் உள்ள உள்வீதிகளுக்கு உதவும். முத்தையன்கட்டு, அக்கராயன், வவுனிக்குளம் போன்ற இடங்களில் இருந்து தினமும் வேலைக்குச் சென்று வருபவருக்கு இரண்டாவது வகையையே நான் சொல்வேன். மாடும் நாயும் சைக்கிள்காரரும் வீதியின் ஓரத்திலிருந்துதான் வருகிறார்கள். ஓரத்தைக் காட்டாத விளக்கினால் அங்கே பயன் குறைவு. நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சள் ஒளி புழுதியையும் மழையையும் ஊடுருவும் என்று பலர் சொல்வார்கள். புழுதியிலும் மழையிலும் நம் கண்ணை மறைப்பது, துகள்களில் பட்டு நம்மிடமே திரும்பும் ஒளி. அதைக் குறைப்பது நிறத்தைவிட விளக்கைத் தாழப் பூட்டுவதும் மேல்நோக்கிச் சிதறாத ஒளியுமே. ஆயினும் நீலம் கலந்த மிக வெள்ளை ஒளியைவிட மஞ்சள் கலந்த வெள்ளை என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது; ஈரத் தாரில் குழிகளும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

முன்புறத்தில் சிவப்பு, நீலம் என மினுக்கும் விளக்குகளை எவரும் பூட்டவேண்டாம். அவை வீதியைக் காட்டுவதில்லை, எதிரே வருபவரைக் குழப்புகின்றன. போக்குவரத்துப் பொலிசார் மறிப்பதற்கும் அதுவே காரணமாகும்.

மின்வழியின் அமைப்பு

பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு தனி வயர் புறப்படுகிறது. அது புறப்பட்ட ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. ஆகவே பற்றரிக்கும் பியூசுக்கும் இடையிலுள்ள வயர் மட்டுமே காவல் இல்லாதது, அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. 3.3 அம்பியர் இழுக்கும் விளக்குகளுக்கு 5 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 அம்பியர் பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவதும், வயரையே பியூஸ் ஆக்குவதற்குச் சமம்.

ரிலே என்பது சிறிய மின்னால் பெரிய மின்னை வெட்டியிணைக்கும் சுவிச். பியூசிலிருந்து வரும் வயர் அதன் 30 என்று இலக்கமிட்ட பின்னுக்கு (வயர் செருகும் முனைக்கு) செல்கிறது. 87 என்ற பின்னிலிருந்து விளக்குகளின் நேர் வயருக்குச் செல்கிறது. 85 என்ற பின் பற்றரியின் எதிர்முனைக்கு, 86 என்ற பின் சுவிச்சினூடாகச் சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயருக்கு. ஐந்து பின் உள்ள ரிலே என்றால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அது ரிலே அணைந்திருக்கும்போது மின் தரும் பின், அதை வெறுமையாக விட்டு ரேப் சுற்றிவிடவேண்டும். சில ரிலேகளுக்குள் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் இருப்பதால் 85, 86 ஆகியவற்றை மாற்றிப் பூட்டக்கூடாது.

ரிலே இல்லாமலும் 40 வற்று எரியும் என்பது உண்மை. ஆனால் ஹாண்டிலில் பூட்டும் மலிவான சுவிச்சின் தொடுமுனைகள் 3 அம்பியரைத் தினமும் வெட்டியிணைத்தால் கருகிப்போகும். ரிலேயின் கொயில் இழுப்பதோ 0.2 அம்பியருக்கும் குறைவு. சுவிச்சுக்கும் பழைய வயருக்கும் எந்தச் சுமையும் இல்லை. சாவியை எடுத்ததும் விளக்கு தானே அணைவதும் ரிலேயினால் கிடைக்கும் நன்மை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வரும்போது பற்றரி இறங்கிக் கிடக்கும் நிலை வராது.

86 பின்னுக்கான மின்னை எங்கிருந்து எடுப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தொலைவுக்கு அடிக்கும் விளக்கு என்றால் அதை ஹெட்லைற்றின் உயர்ந்த ஒளிக்குரிய வயருடன் சேர்க்கவேண்டும். எதிரே ஒருவர் வரும்போது பெருவிரலால் ஒளியைத் தாழ்த்தினால் மேலதிக விளக்கும் உடனே அணைந்துவிடும். இன்னொரு சுவிச்சைத் தேடவேண்டியதில்லை. தாழப் பரவும் விளக்கு என்றால் தனிச் சுவிச் வைக்கலாம். ஹெட்லைற் மக்னெற்றிலிருந்து நேரடியாக எரியும் வண்டியில் மட்டும் இந்த முறை சரிவராது. அங்கே ரிலே படபடவென்று அடிக்கும். அந்த வண்டிகளில் சாவி போட்டதும் மின் வரும் ஹோர்ன் வயரிலிருந்து எடுத்து, தனிச் சுவிச்சினூடாக 86க்குக் கொடுக்கவேண்டும்.

வயரின் நிறத்தை வைத்து முடிவெடுக்கவேண்டாம். ஹொண்டா வண்டிகளில் பச்சை வயர் எதிர்முனை, கறுப்பு சாவி போட்டால் மின் வருவது; யமஹாவில் கறுப்பே எதிர்முனை. ஹொண்டாவில் வேலை பழகிய ஒருவர் யமஹாவில் கறுப்பு வயரை நேர்முனை என்று எண்ணினால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அதோடு, நம் பக்கத்தில் ஓடும் வண்டிகள் பலவும் பல கைகள் மாறி, பலமுறை வயரிங் திருத்தப்பட்டவை. ஒவ்வொரு வயரையும் மீற்றர் வைத்துப் பார்த்தே தொடவேண்டும்.

வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் குறுக்களவுள்ளதாக, பல மெல்லிய இழைகளால் ஆனதாக இருக்கவேண்டும். அந்த அளவில், போய்வர மூன்று மீற்றர் நீளமுள்ள வயரில் 3.3 அம்பியர் ஓடும்போது கால் வோல்ற்றுக்கும் குறைவாகவே இழக்கப்படும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி வயர் வண்டிக்கு ஆகாது. எஞ்சினின் அதிர்வில் அது உள்ளேயே முறிந்து, வெளியே நல்லதுபோல் தோன்றும். அத்தகைய பழுதைக் கண்டுபிடிப்பதற்கு அரை நாள் போகும்.

பூட்டும் வேலை

வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும்; முடிந்தபின் எதிர்முனையைக் கடைசியாகப் பூட்டவேண்டும். இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. வண்டியின் சட்டகம் முழுவதும் எதிர்முனையுடன் இணைந்திருக்கிறது. நேர்முனையின் போல்ற்றைக் கழற்றும் ஸ்பானர் தவறிச் சட்டகத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனை ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால் அந்தச் சுற்று முழுமையடையாது.

விளக்குகளை முதலில் தற்காலிகமாகப் பூட்டி, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், முன்பக்கத்தை அழுத்தி ஏற்றி இறக்கியும் எதிலும் இடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் காட் இருந்தால் அதில், முன் சில்லின் அச்சுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே பூட்டுவது நல்ல இடம். ஹாண்டிலில் உயர்த்திப் பூட்டிய விளக்கு எதிரே வருபவரின் கண்ணுக்கே நேராக அடிக்கும். நட்டுகளுக்குப் பிளாஸ்ரிக் வளையம் உள்ள வகையையும் சுருள் வோசரையும் பயன்படுத்தினால் கிரவல் வீதியின் குலுக்கலில் தளராது.

வயர் செல்லும் பாதையே நீண்ட காலத்தில் வேலையின் தரத்தைக் காட்டும். சைலன்சரிலிருந்தும் எஞ்சின் தலையிலிருந்தும் ஒரு கையகலமாவது விலகியிருக்கவேண்டும். வண்டியின் சொந்த வயர்க்கட்டு செல்லும் பாதையையே பின்பற்றுவது நல்லது. தயாரித்தவர்கள் அதை யோசித்தே வைத்திருக்கிறார்கள். ஹாண்டில் கழுத்தில் வயரை இறுக்கமாகக் கட்டக்கூடாது. முழுத் திருப்பத்துக்கும் இடம்கொடுக்கும் தளர்வோடு, நெளிகுழாய் உறைக்குள் விடவேண்டும். என் மைத்துனரின் வண்டியில் உரசியது இந்த இடத்திலேதான். கடலோரத்தில், அளம்பில், கொக்கிளாய்ப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இணைப்பு ஒவ்வொன்றிலும் வஸ்லின் பூசிவிடவேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிப்பதற்கு ஒரு மாரி போதும். களிம்பு பிடித்த இணைப்பு சூடாகும், சூடான இணைப்பு உருகும்.

இணைப்புகளைப்பற்றி மெக்கானிக்குகளிடையே இரண்டு கருத்து உண்டு. பற்றாசு வைப்பதே உறுதி என்பார்கள் சிலர். வானொலிப் பெட்டிக்கு அது சரி. ஆனால் வண்டியில், பற்றாசு ஊறி விறைத்த இடமும் நெகிழும் இழைகளும் சந்திக்கும் எல்லையில், அதிர்வினால் வயர் முறிகிறது. செம்பு முனையைக் குறடால் நன்றாக நசுக்கிப் பிடித்து, அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாயை இட்டு மூடுவதையே நான் செய்கிறேன். நசுக்கியபின் வயரைக் கையால் பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். வெறுமனே முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றுவது வெக்கையில் பசை உருகி அவிழ்ந்துவிடும். வயரின் மேலுறையைக் குத்திக்கொண்டு பிடிக்கும் நீல நிறக் கிளிப்புகளையும் தவிர்க்கவேண்டும். குத்திய துளைவழியே நீர் புகுந்து உள்ளே அரிக்கும்.

விளக்கின் எதிர் வயரைச் சட்டகத்தின் ஏதோ ஒரு போல்ற்றில் பூட்டிவிடுவது வழக்கம். நிறப்பூச்சும் துருவும் அந்த இணைப்பைக் கெடுக்கும். இன்னும் ஒரு மீற்றர் வயர் செலவானாலும் பற்றரியின் எதிர்முனைக்கே கொண்டுபோவது நல்லது. விளக்குகளின் மங்கலுக்கும் துடிப்புக்கும் நான் கண்ட காரணங்களில் பெரும்பாலானவை எதிர் வயரிலேயே இருந்தன.

ரிலேயையும் பியூசையும் இருக்கையின் கீழ், பின்கள் நிலத்தை நோக்கும்படி வைக்கவேண்டும். மேல்நோக்கி இருந்தால் நீர் தேங்கும். இணைப்புக்குச் செல்லும் வயரும் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வழியும் மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

ஒளியைச் சரிசெய்தல்

இருட்டியபின், சமதரையில், ஒரு மதிலிலிருந்து 8 மீற்றர் தூரத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தவேண்டும். ஓட்டுபவர் ஏறி இருக்கவேண்டும். வழமையாகப் பின்னால் ஒருவர் வருவார் என்றாலோ, மூடை ஏற்றுவது வழக்கம் என்றாலோ அந்தப் பாரத்தையும் ஏற்றியே பார்க்கவேண்டும். பின்பக்கம் அமிழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கும் என்பதால், பாரமில்லாமல் சரிசெய்த விளக்கு பாரத்துடன் எல்லோர் கண்ணையும் குத்தும். விளக்கின் நடு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அளந்து, மதிலில் அதே உயரத்தில் கரியால் ஒரு கோடு இடவேண்டும். தொலைவு விளக்கின் ஒளி நடு அந்தக் கோட்டுக்கு 8 சென்ரிமீற்றர் கீழே விழவேண்டும். இது நூற்றுக்கு ஒன்று சரிவு; 60 சென்ரிமீற்றர் உயரத்தில் பூட்டிய விளக்கின் ஒளி 60 மீற்றரில் தரையைத் தொடும். தாழப் பரவும் விளக்கின் மேல்விளிம்பு 16 சென்ரிமீற்றர் கீழே இருக்கட்டும். அது 30 மீற்றரில் தரையைத் தொடும். நாம் இடப்பக்கம் ஓடுபவர்கள் என்பதால் இரு விளக்குகளையும் சற்று இடப்பக்கம் திருப்பினால் வீதியோரத்தில் நடப்பவரும் சைக்கிளும் தெரிவார்கள். எதிரே வருபவரின் கண்ணும் தப்பும்.

அதன்பின் நண்பர் ஒருவரை விளக்கில்லாத சைக்கிளில் எதிரே வரச்சொல்லி, அவருக்குக் கண் கூசுகிறதா என்று கேட்கவேண்டும். இந்த ஒரு சோதனையை எவரும் விடக்கூடாது என்பது என் வேண்டுகோள். நம்முடைய வீதிகளில் இரவில் வேலை முடித்து வருபவர்களில் பலர் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார்கள். கண் கூசிய ஒருவர் வீதியோர வாய்க்காலுக்குள் இறங்கிவிடுவார்.

மற்றைய மின்பொருள்கள்

கைத்தொலைபேசிக்குரிய யூஎஸ்பி சார்ஜர் 5 வோல்ற்றில் 2 அம்பியர் கொடுத்தாலும் பற்றரியிலிருந்து ஓர் அம்பியர் அளவே இழுக்கிறது. ஓடும் வண்டிக்கு அது பாரமில்லை. ஆபத்து நிறுத்திய வண்டியிலேயே. வோல்ற் காட்டும் சிறு திரை உள்ள சார்ஜரை நேரே பற்றரியில் பூட்டினால், அது எவரும் பயன்படுத்தாதபோதும் 20 மில்லியம்பியர் வரை இழுக்கலாம். ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி. 5 அம்பியர் மணிப் பற்றரி பத்து நாளில் வெறுமையாகும். ஐந்தாம் நாளே ஸ்ராட்டர் திணறும். ஆகவே சார்ஜரையும் சாவிக்குப் பின்னால், தனியான 2 அல்லது 3 அம்பியர் பியூசுடன் பூட்டவேண்டும். ஏற்கெனவே பூட்டியிருப்பவர்கள், சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் எதிர்முனைக்கும் அதன் வயருக்கும் இடையில் மீற்றரை அம்பியரில் வைத்து அளந்தால் களவாகப் போகும் மின் தெரியும். மீற்றர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்ராட்டரை அழுத்தவோ கூடாது.

இரட்டை ஹோர்ன் பூட்டுவதானால் அதற்கும் ரிலே வேண்டும். சிக்னல் குமிழ்களை எல்ஈடிக்கு மாற்றினால் சிக்னல் மிக விரைவாக மினுங்கும் அல்லது மினுங்காமலே நிற்கும். சிக்னலை மினுங்கவைக்கும் பழைய பிளாசர், குமிழின் சுமையை நம்பி வேலை செய்வதே இதற்குக் காரணம். எல்ஈடிக்குரிய இலத்திரனியல் பிளாசர் போட்டால் சரியாகும். பின்புற பிரேக் விளக்கை எல்ஈடியாக்குவது மேலதிக விளக்குப் பூட்டுவதற்கு முன்பே செய்யத்தக்கது: 21 வற்று ஹலோஜன் அல்லாத சாதாரணக் குமிழின் இடத்தில் சில வற்றே செலவாகும், மிச்சமான மின் முன்விளக்குக்கு உதவும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், எல்லாவற்றையும் எரியவிட்டு, முன்பு எடுத்த மூன்றாவது அளவீட்டை மறுபடி எடுக்கவேண்டும். 13.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் ஒரு விளக்கைக் குறைக்கவேண்டும். கால் மணித்தியாலம் எரியவிட்டு, பியூஸ் கூட்டையும் ரிலேயையும் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பை மறுபடி செய்யவேண்டும். முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்கி, ஹாண்டில் கழுத்தில் வயரின் உறையைப் பார்க்கவேண்டும். மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தையில் ஒருமுறையும் இதே பார்வை போதும். இரண்டு 5 அம்பியர் பியூசுகளைச் சிறு பொலித்தீன் பையில் சுற்றி இருக்கையின் அடியில் ஒட்டிவைத்துக்கொள்ளவேண்டும். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், இரவில், அவற்றை விற்கும் கடை எதுவும் திறந்திருக்காது.